ஆற்றும் அழல்

அரபு மொழியில் ‘இல்திஹாப்’ என்றொரு சொல் உண்டு. உடலில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சூடேறி, நோவெடுக்கும் நிலைக்கு அம்மொழியின் இன்றைய மருத்துவ நூல்கள் வழங்கும் பெயர் அது. வேர்ச்சொல் ‘லஹப்’, தீக்கொழுந்து என்பது பொருள். குர்ஆனின் இறுதியிலுள்ள சிறு அத்தியாயங்களை மனனம் செய்த நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் இச்சொல் பழக்கமானதே. தமிழில் அதே நிலையை ‘அழற்சி’ என்கிறோம். அழல் என்பதும் தீயே. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகள் ஒரே நோவைத் தொட்டுப் பார்த்து ஒரே உவமையைச் சொல்லியிருக்கின்றன. தீ சோறும் ஆக்கும், வீட்டையும் எரிக்கும். அழற்சியும் அத்தகையதே என்பதை, அதிலும் மனித இதயத்தினுள் நிகழும் அழற்சி அத்தகையதே என்பதை, நம் குடும்பத்தில் ஒருவரின் நோய் வாயிலாக நாம் அறிய நேர்ந்தது. அதனை ஈண்டு எழுதுகிறோம்.

நாம் வாழ்வது கோரிமேட்டில். புதுவை நகரிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள பகுதி. ‘கோர்’ என்பது பாரசீகத்தில் கல்லறையைக் குறிக்கும். ‘கோரி’ என்று முஸ்லிம்களின் அடக்கவிடத்தைத் தமிழில் சொல்லும் வழக்கும் உண்டு. பெயரின் ஓசையில் கல்லறை இருக்க, ஊரோ உயிர் பிழைக்க வருவோரின் ஊராகிவிட்டது. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளி, புதுவை இந்தியாவுடன் இணைந்த பின்னர் மைய அரசின் கைக்கு வந்து, 1964-இல் ஜவாஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பூண்டு இம்மேட்டில் நிலைபெற்றது. ஜிப்மர் என்றால்தான் மக்களுக்குத் தெரியும். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்திறங்கும் கூட்டத்தை நாம் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து திரும்பும்போது நாள்தோறும் காண்கிறோம். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய சீட்டுகளும் படங்களும். கூடவே ஒரு தண்ணீர்ப் புட்டி.

நம் தமக்கையின் கணவருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. தையற்கடை வைத்திருப்பவர். நான்காண்டுகளுக்கு முன் ஒரு நாள் அதிகாலையில் அவருக்கு நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. வாயுக் கோளாறு என்று எண்ணி ஓமத் தண்ணீர் அருந்தினார். முதுகைத் தேய்த்துவிடச் சொன்னார். கடையைத் திறந்து இரண்டு சட்டைக்குத் துணியும் வெட்டினார். நண்பகலுக்கு மேல் வியர்த்துக் கொட்டிய பிறகே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியொன்று அடைபட்டிருந்தது. அடைப்பை நீக்கிச் சிறு கம்பிவலைக் குழாய் ஒன்றைப் பொருத்தினர். அந்த ஏழெட்டு மணி நேரத்தில் இறந்துபோன தசை இறந்ததுதான்.

ஆறு திங்களில் அவர் தேறிவிட்டார். பழையபடி தையல் இயந்திரத்தில் அமர்ந்தார். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். முழங்கால் வலிக்கு மட்டும் கடைத்தெரு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கி வந்தார். மறுவருடம் மழைக்காலத்தில் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டிற்று. இரவெல்லாம் நாற்காலியில் சாய்ந்தபடியே கழித்தார். எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் இடது கீழறை விரிந்து, உருண்டு, தளர்ந்திருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் அவ்வறை தன்னுள் நிறைந்த குருதியில் 55 விழுக்காட்டுக்கு மேல் வெளியேற்ற வேண்டும், அவருக்கு 35.

“இதயச் செயலிழப்பு” என்று சீட்டில் எழுதியிருந்ததைப் பேரன் படித்துச் சொன்னதும் அக்கா வாய்விட்டு அழுதுவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்று அவர் பொருள்கொண்டார். இச்சொல்லாட்சியே நம் வீடுகளில் பாதி அச்சத்தை விளைவிக்கிறது. நின்றுபோவது வேறு. இது, உடலுக்கு வேண்டிய அளவு குருதியை இதயத்தால் இறைத்துத் தர இயலாத நிலை. இதயத் தளர்ச்சி என்றால் பொருந்தும். ஆயினும் அச்சம் முற்றிலும் வீணன்று. 2013-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பதினெட்டு மருத்துவமனைகளில் இந்நோயோடு சேர்க்கப்பட்ட 1,205 பேரை வரிசையாகப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். அவர்களின் சராசரி வயது 61. பெரும்பாலோர்க்கு மூல காரணம் மாரடைப்பும் தமனி நோயுமே. மூன்றாண்டுகளுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர் இறந்துவிட்டனர். மேனாடுகளில் இந்நோய் எழுபதுகளைத் தாண்டியவர்களின் நோயாக இருக்க, இங்கே அறுபதிலேயே வருகிறது. பெண்ணுக்கு மணம் முடிக்காத, கடனை அடைக்காத வயதில் வருகிறது.

மச்சான் அழவில்லை. அவர் கேட்டது ஒரு கேள்வி. “மச்சான், காயம் ஆறிவிட்டது என்றுதானே வீட்டுக்கு அனுப்பினார்கள்? ஆறிய காயம் ஒரு வருடம் கழித்து எப்படி ஆளை வீழ்த்தும்?”

தையற்காரரின் கேள்வி. தைத்த இடம் பிரிந்தால் தையல் பழுது என்று சொல்லலாம். தைக்காத இடமெல்லாம் தொய்ந்துபோனால் என்ன சொல்வது? நமக்கும் விடை தெரிய வேண்டியிருந்தது. நம்மிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிய பெண்ணொருத்தி இன்று மருத்துவத்தில் மேற்படிப்புப் பயில்கிறாள். பெருநாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்தவளிடம் கேட்டோம். மாலை முழுவதும் அமர்ந்து விளக்கினாள். அதன் பின்னர் நாமும் தேடிப் படித்தோம்.

“ஹஜ்ரத், நம் உடம்பில் காவல் இரண்டு வகை” என்று தொடங்கினாள். ஒன்று, பகைவனைக் கண்டு பழகி, அவன் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை வரும்போது அடையாளம் கண்டு அடிப்பது. அம்மை ஒருமுறை வந்தவர்க்கு மறுமுறை வாராதிருப்பதும், தடுப்பூசி பயன்படுவதும் இதனால். மற்றொன்று, பிறக்கும்போதே உடன் வருவது. யாரையும் அறிந்து பழகி அடிப்பதில்லை. ஆபத்து என்ற குறி தென்பட்ட மாத்திரத்தில் பாய்வது. தமிழில் பிறவி நோயெதிர்ப்பு என்கிறார்கள். அரபு மருத்துவ நூல்களில் அதற்கு ‘அல்மனாஅத்துல் ஃபித்ரிய்யா’ என்று பெயர் இருக்கக் கண்டு நாம் மகிழ்ந்தோம். ‘ஃபித்ரத்’ என்ற சொல்லை அறியாத முஸ்லிம் குடும்பம் இல்லை. படைப்பிலேயே அமைந்த இயல்பு. பூச்சிக்கும் புழுவுக்கும் கூட இந்தக் காவல் உண்டு.

இதைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1882-இல் இலியா மெட்ச்னிக்காஃப் என்ற ருஷ்ய அறிஞர் இத்தாலியின் மெசினா நகரில் கடற்கரையோரம் குடியிருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட்ட ஒரு நாள், தனியே அமர்ந்து கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடலில் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு உறங்கச் சென்றார். மறுநாள் காலை, ஊர்ந்து திரியும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. விழுங்கணுக்கள் என்ற கருத்து அன்று பிறந்தது. பின்னர் அவர் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி, 1908-இல் நோபல் பரிசு பெற்றார். நூறாண்டு கழித்து, ஆபத்தின் குறியை அணுக்கள் எவ்வாறு உணர்கின்றன என்பதை 1996-இல் பழ ஈயிடத்தும் 1998-இல் எலியிடத்தும் கண்டு காட்டிய ஷூல் ஹாஃப்மான், புரூஸ் பாய்ட்லர் இருவருக்கும் 2011-இல் அதே பரிசு கிடைத்தது.

இவற்றுக்கும் மாரடைப்புக்கும் என்ன தொடர்பு? மாரடைப்பில் கிருமி ஏதுமில்லையே என்று நாமும் கேட்டோம். அங்கேதான் செய்தி இருக்கிறது. குருதி கிட்டாமல் இறக்கும் தசையணு உடைந்து தன் உள்ளடக்கத்தை வெளியே கொட்டுகிறது. அணுவுக்குள் ஆற்றலை ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு, தொன்மைக் காலத்தில் பாக்டீரியாவாக இருந்து அணுவுக்குள் குடியேறியதன் வழித்தோன்றல் என்பது அறிஞர் துணிபு. அதன் துணுக்குகள் வெளியே சிதறும்போது பிறவிக் காவலுக்கு அவை கிருமியைப் போலவே தோன்றுகின்றன. உடனே அபாய மணி அடிக்கிறது.

ஒரு பெரிய மாரடைப்பில் நூறு கோடித் தசையணுக்கள் வரை சில மணி நேரத்தில் மடியக்கூடும். மடிந்தவற்றுக்கு ஈடாகப் புதியவை முளைப்பது அரிதினும் அரிது. இதனை அறிந்த விதம் வியப்பூட்டுவது: வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த ஆண்டுகளில் காற்றில் கலந்த கதிரியக்கக் கரி மனிதர் அணுக்களில் பதிந்திருந்த அளவைக் கொண்டு, ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2009-இல் இதயத் தசையின் வயதைக் கணக்கிட்டனர். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு அணுக்கள் புதிதாகின்றன. எழுபத்தைந்தில் அதுவும் பாதிக்கும் கீழ். ஆகவே இதயத்தின் காயம் தசையால் ஆறுவதில்லை, தழும்பால் ஆறுகிறது.

தழும்பிடும் வேலையும் பிறவிக் காவலுடையதே. முதலில், சில மணி நேரத்துக்குள், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அவை முரட்டுப் படை. நச்சுப் பொருள்களை உமிழ்ந்து சிதைவை உடைக்கின்றன. அக்கம்பக்கத்து நல்ல தசைக்கும் அடி விழுகிறது. அடுத்த சில நாள்களில் மோனோசைட் என்ற அணுக்கள் குருதியிலிருந்து இறங்கி, மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கணுக்களாக மாறி, பிணங்களை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. இந்த அடக்க வேலை முடிவதே பெருந்திருப்பம். மடிந்த நியூட்ரோஃபில்களை விழுங்கிய மேக்ரோஃபேஜ் தன் குணத்தை மாற்றிக்கொண்டு, அடிப்பதை நிறுத்தி, நாரிழை நெய்வோரை அழைக்கிறது. முதல் வாரம் முடிவதற்குள் தழும்பு ஓரளவு பிடிக்காவிட்டால் இதயச் சுவரே கிழிந்துபோகலாம். ஆறு முதல் எட்டு வாரங்களில் தழும்பு உறுதிப்படுகிறது.

எனவே அழல் வந்தாக வேண்டும். எலிகளில் நியூட்ரோஃபில்களை முன்கூட்டியே ஒழித்துவிட்டு மாரடைப்பை உண்டாக்கிப் பார்த்தபோது காயம் நன்றாக ஆறவில்லை. நிலைமை மோசமாகவே ஆயிற்று. மனிதரிடத்தும் இத்தகைய பாடம் கிடைத்ததுண்டு. அழற்சியை அடக்கினால் தசை பிழைக்கும் என்று 1970-களில் மாரடைப்பு நோயாளருக்கு ஆற்றல் மிக்க ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பார்த்தனர். காயம் சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தது என்று 1976-இல் ஆய்வு வெளியாயிற்று.

“வந்தது தப்பில்லை ஹஜ்ரத், போகாமல் இருப்பதுதான் தப்பு” என்றாள் அந்தப் பிள்ளை. விருந்தினரைப் பற்றி நம் வீட்டுப் பெண்கள் சொல்வதைப் போல இருந்தது.

சிலரிடத்து அழல் அணைவதில்லை. காயம் பெரிதாக இருந்தாலோ, குருதி அழுத்தம் கூடுதலாக இருந்தாலோ, சர்க்கரை நோய் சேர்ந்திருந்தாலோ, தழும்பான பின்னரும் இதயத்தின் எஞ்சிய தசை மிகைச் சுமையால் இழுபடுகிறது. இழுபடும் தசையே அபாயக் குறிகளை வெளியிடுகிறது. அதைக் கேட்டு மீண்டும் மோனோசைட்டுகள் வருகின்றன. அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. காயமே படாத இடங்களிலும் நார் படர்கிறது. நார் படர்ந்த சுவர் விறைக்கிறது, மெலிகிறது, விரிகிறது. விரிந்த சுவர் மேலும் இழுபடுகிறது. மாங்காய் வடிவில் இருந்த அறை பந்து வடிவாகிறது. இதனையே மருத்துவர் இதய உருமாற்றம் என்கின்றனர். ‘கல்பு’ என்ற அரபுச் சொல்லின் வேருக்குப் புரளுதல், மாறுதல் என்று பொருள். ‘இன்கிலாப்’ அதே வேரில் கிளைத்தது. சூஃபியாக்கள் உள்ளத்தின் தடுமாற்றத்தை எண்ணி அவ்வேரைப் போற்றிப் பேசுவர். தசையாலான இந்த இதயத்துக்கும் அது பொருந்திவிட்டது.

மச்சானின் கேள்விக்கு இதுவே விடை. தையல் பிரியவில்லை. ரஃபூ போட்டவன் வேலை முடிந்தும் எழுந்து போகாமல், கிழியாத துணியிலும் ஊசியை ஓட்டிக்கொண்டேயிருந்தான். இதைச் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். “ரஃபூக்காரனை எழுப்பி அனுப்ப மருந்து இருக்கிறதா?” என்றார்.

எழுப்பி அனுப்ப முயன்ற கதை நீளமானது, பெரும்பகுதி ஏமாற்றம். 1990-இல், முற்றிய இதயத் தளர்ச்சி உடையோர் குருதியில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருள் மிகுந்திருப்பதை அமெரிக்க மருத்துவர்கள் கண்டனர். அதனைப் பிணைத்து முடக்கும் மருந்துகள் மூட்டுவாத நோய்க்குப் பயன்பட்டு வந்தன. இதயத்துக்கும் அவை அமிழ்தமாகும் என்று எல்லோரும் எண்ணினர். எட்டனர்செப்ட் என்ற மருந்தை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர்க்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகள் பயனின்மையால் 2001-இல் நிறுத்தப்பட்டன. இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மற்றொன்றை 150 பேரிடம் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டபோது, மிகுதியான அளவு பெற்றவர்களிடையே மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடியிருந்தன. தீயை அணைக்கப் போனவர்கள் அடுப்பையும் சேர்த்து அணைத்துவிட்டார்கள் போலும். அதே பொருள் சிறிதளவில் இதயத்தைக் காக்கவும் செய்கிறது என்று பின்னர் விளங்கிற்று.

ஏமாற்றத்தால் ஆய்வு நின்றுவிடவில்லை. முன்பே மாரடைப்பு வந்து, குருதியில் அழற்சியின் அடையாளம் எஞ்சியிருந்த 10,061 பேரை உலகெங்கும் சேர்த்து, இன்டர்லூக்கின் என்ற அழற்சித் தூதுவரில் ஒருவகையை மட்டும் தடுக்கும் கனகினுமாப் என்ற ஊசியைப் போட்டு, 2017-இல் முடிவை அறிவித்தனர். மூன்று திங்களுக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் பெற்றோரிடையே மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்தன. இதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனையில் சேர்வதும் குறைந்ததாகப் பின்னர் கணக்கிட்டனர். ஆனால் கிருமி நோயால் இறப்பது சற்றே கூடிற்று. மொத்த மரண எண்ணிக்கை குறையவில்லை. காவலரை வீட்டுக்கு அனுப்பினால் கள்வன் நுழைவான். அந்த ஊசி இதய நோய்க்கென நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் பிறவிக் காவலின் அழல் இதய நோயில் பார்வையாளன் அல்லன், பங்காளி என்பதை மனிதரிடத்தே மெய்ப்பித்த பெருமை அதற்கு உண்டு.

இவ்வளவையும் கேட்டபின், அப்படியானால் மச்சானின் மாத்திரைகள் எதற்கு என்ற ஐயம் எழும். அங்கே ஒரு நற்செய்தி. அவர் கைவிட்ட அந்த மலிவான மாத்திரைகளே இந்த உருமாற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் உடையவை. ‘ப்ரில்’ என்று பெயர் முடியும் மாத்திரைகளை வாசகர்களில் பலர் அறிந்திருப்பர். அவ்வகையின் மூத்த மருந்தாகிய கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்து உருவாக்கப்பட்டது. மாரடைப்புக்குப் பின் இதயம் தளர்ந்திருந்த 2,231 பேரிடம் சோதித்து, அது மரணத்தை நூற்றுக்கு 19 பங்கு குறைத்ததாக 1992-இல் வெளியிட்டனர். குருதி அழுத்தத்தைக் குறைத்து இதயத்தின் சுமையை இறக்குவது அதன் முதல் வேலை. ஆனால் இன்னொரு வேலையும் உண்டு போலும். மோனோசைட்டுகளின் பெருஞ்சேமிப்பு மண்ணீரலில் இருப்பதையும், மாரடைப்பு நேர்ந்ததும் அவை அங்கிருந்து இதயத்துக்குப் புறப்படுவதையும் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2009-இல் எலிகளில் கண்டனர். அடுத்த ஆண்டே, இவ்வகை மாத்திரை அந்தப் புறப்பாட்டைக் குறைப்பதையும் கண்டனர். வயிற்றின் இடப்புறத்தில் கிடக்கும் மண்ணீரலுக்கும் நெஞ்சின் காயத்துக்கும் இத்தகைய உறவு இருக்கும் என்று யார் எண்ணியிருப்பார்?

இப்போது அதனோடு வேறு சிலவும் சேர்ந்துவிட்டன. துடிப்பைத் தணிக்கும் மாத்திரை ஒன்று. நீரை இறக்கும் மாத்திரை ஒன்று. நார் படர்வதைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன். சர்க்கரை நோய்க்கென வந்து, சர்க்கரை இல்லாதோர்க்கும் இதயத் தளர்ச்சியில் பயன்தரும் என்று 2019-இல் நிறுவப்பட்ட டாபாகிளிப்ளோசின். நம் மச்சான் இவற்றை மறுபடி உண்ணத் தொடங்கி இரண்டாண்டுகளுக்கு மேலாகிறது. வலி மாத்திரைகளை அக்கா குப்பையில் கொட்டினார். அவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். மாரடைப்பு கண்டவர்க்கும் இதயம் தளர்ந்தவர்க்கும் ஆகாதவை. மருத்துவரைக் கேளாமல் வாங்கும் பழக்கம் நம் தெருக்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை எண்ணினால் மனம் நோகிறது.

சென்ற ரமலானில் ஒரு சிக்கல் எழுந்தது. மச்சான் எல்லா நோன்பும் நோற்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். நீரிறக்கும் மாத்திரையை உண்டு பகலெல்லாம் நீரருந்தாமல் இருப்பதும், அதற்கஞ்சி மாத்திரையை நிறுத்துவதும் அவர் நிலையில் ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேறு சில நோயாளர்க்கு வேளையை மாற்றியமைத்து அனுமதிப்பதுண்டு. இவருக்கு இல்லை என்றார். மார்க்கம் கற்பிப்பது நம் தொழிலாதலால் அக்கா நம்மை அழைத்தார். நோயாளிக்கு அளிக்கப்பட்ட ருக்ஸத்தை ஏற்பதும் வணக்கமே என்றும், தீராத நோயாளிக்கு ஃபித்யா உண்டு என்றும் எடுத்துரைத்தோம். அவர் முகம் தொங்கிப்போயிற்று. “ஏழு வயதிலிருந்து ஒன்றுகூட விட்டதில்லை மச்சான்” என்றார். முப்பது நாளும் ஓர் ஏழைக்கு அக்கா தம் கையால் சமைத்து அனுப்பினார். இஃப்தார் நேரத்தில் மச்சான் கூடத்துக்கு வராமல் உள்ளறையிலேயே இருந்துவிடுவார். இந்நோய் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று. எக்கோப் படத்தில் தெரியாது.

இடையே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோரிமேட்டுப் புறநோயாளர் கூடத்தில் மச்சானைப் போன்ற வயதானவர்கள் மட்டும் இல்லை. இருபது வயதுப் பெண்களும், பள்ளிச் சீருடையோடு பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண் வந்து, அதனைத் தொடர்ந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டிருக்கும். அங்கே நிகழும் பிழை வேறு வகை. தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அடித்துப் பழகிய அந்தக் கற்றறிந்த காவல், இதயத்தின் சில புரதங்கள் அக்கிருமியின் சாயலில் இருப்பதால் இதயத்தையே அடித்துவிடுகிறது. தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் முழு மருந்து கொடுத்தால் இது வாராது. வந்தவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில். பிள்ளைகளின் தொண்டை வலியை உப்பு நீரோடு விட்டுவிடும் தாய்மார்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இதயத்தைப் பற்றி நம்மவர் எழுதியவற்றை இந்நாள்களில் மறுபடி புரட்டினோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ், இதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையேயுள்ள சுவரில் துளை இல்லை, குருதி நுரையீரல் வழியாகவே வலமிருந்து இடம் செல்கிறது என்று எழுதினார். அந்தச் சுவடி பெர்லின் நூலகத்தில் உறங்கிக் கிடந்ததை 1924-இல் முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர் வெளிக்கொணர்ந்தார். அதே நூலில், இதயம் தன் அறைக்குள் நிறையும் குருதியால் வளர்வதில்லை, தன் உடலினூடே ஓடும் நாளங்களால் வளர்கிறது என்று இப்னு சீனாவை மறுத்துரைக்கும் வரியும் உண்டு. மச்சானுக்கு அடைத்தது அந்த நாளங்களில் ஒன்றுதான்.

மருத்துவர் மாலையில் மெல்ல நடக்கச் சொல்லியிருக்கிறார். நாமும் உடன் போவதுண்டு. எல்லையைக் கடந்து, கட்டடங்கள் குறையும் பக்கமாக நடப்போம். சென்ற கார்த்திகையில் ஒரு வேலியோரம் செங்காந்தள் பூத்திருந்தது; நுனி சிவந்து அடி மஞ்சளான இதழ்கள், விரல்களை மேல்நோக்கி விரித்தாற்போல. சங்கப் பாடல்களைக் கற்பிக்கும்போதெல்லாம் நாம் சொல்லி வந்த மலர். அதன் கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்பர். அதன் விதையில் கால்கிசின் என்ற பொருள் உண்டு. கொங்கு நாட்டில் அதற்காகவே பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். யூனானி நூல்கள் மூட்டு வலிக்குச் சொல்லும் சூரிஞ்சான் கிழங்கில் இருப்பதும் அதே பொருள். 1820-இல் பெல்லெத்தியே, காவந்து என்ற பிரெஞ்சு வேதியியலார் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். வெள்ளணுக்கள் ஊர்ந்து செல்வதற்கு வேண்டிய உட்சட்டத்தை அது கலைக்கிறது. ஆகவே அழல் தணிகிறது. மாரடைப்பு வந்து ஒரு திங்களுக்குள் 4,745 பேருக்கு அரை மில்லிகிராம் வீதம் நாளும் கொடுத்த ஆய்வு, மறு நோய்கள் நூற்றுக்கு 23 பங்கு குறைந்ததாக 2019-இல் சொன்னது. 7,062 பேரிடம் செய்த மற்றோர் ஆய்வு பயனே இல்லை என்று 2024-இல் சொன்னது.

மச்சான் நின்று அந்தப் பூவை நெடுநேரம் பார்த்தார். கிழங்கு கொல்லும், விதையும் கொல்லும், தொடாதீர்கள் என்றோம். “தொடவில்லை, மச்சான். இந்தச் சிவப்பில் ஒரு ஜாக்கெட் துணி வந்தது போன வாரம், அதைத்தான் நினைத்தேன்” என்றார். வீடு திரும்பி எடை பார்த்தார். நாள்தோறும் காலையில் பார்ப்பது வழக்கம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் நீர் தேங்குகிறது என்று பொருள். அன்று மாலையும் ஏன் பார்த்தாரோ, அக்கா கேட்டதற்கு விடை சொல்லவில்லை. காலையில் பார்த்ததற்கு அரைக் கிலோ குறைவாகவே இருந்தது. கடைசியாக எடுத்த எக்கோவில் 42. அடுத்தது ஷஃபானில் எடுக்க வேண்டும். அதைக் கண்ட பின்னரே நோன்பைப் பற்றி மருத்துவரிடம் மறுபடி கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.